திரையில் சுடும் விளையாட்டு: கண்ணும் கையும் என்ன கற்கின்றன?



"சார், பையன் சாயங்காலம் ஆனா கைப்பேசியத் தூக்கிக்கிட்டு உக்காந்துடுறான். படபடன்னு சுட்டுக்கிட்டே இருக்கான். கேட்டா, 'கண்ணுக்கும் கைக்கும் பயிற்சிப்பா, பின்னால போலீஸ்ல சேரப் போறேன்'னு சொல்றான். இது நெசமா, இல்ல நம்மள ஏமாத்துறானா?"

பெற்றோர் கூட்டம் முடிந்ததும் செம்பனைக் குலை வெட்டும் ஒரு தந்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் கேட்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். லயத்து வீடாக இருந்தாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடாக இருந்தாலும் மாலை நேரத்தில் ஒரு மூலையிலிருந்து டுமீல் டுமீல் என்ற சத்தம் வரத்தான் செய்கிறது. அப்பா அதட்டுகிறார். அம்மா கெஞ்சுகிறார். பிள்ளை, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்கிறான்.

"எல்லாம் கெட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். "காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று சொல்வதும் சுலபம். இரண்டுமே அந்தத் தந்தையின் கேள்விக்குப் பதிலாகாது. பிள்ளை ஒரு காரணம் சொல்கிறான்; அந்தக் காரணம் சரியா தவறா என்று ஆராய்ந்து பார்ப்பதுதான் அவனுக்கு நாம் காட்டும் மரியாதை. வாருங்கள், பார்ப்போம்.

அனிச்சைச் செயல் வேறு, துலங்கல் வேறு

சூடான சட்டியைத் தொட்டவுடன் கை தானாகப் பின்னுக்கு வருகிறது. இது அனிச்சைச் செயல். செய்தி மூளை வரைக்கும் போய் உத்தரவு வாங்கி வருவதில்லை. முதுகுத் தண்டிலேயே முடிவாகிவிடுகிறது. இதை யாரும் பழகத் தேவையில்லை. பிறந்த குழந்தைக்கும் அனிச்சைச் செயல்கள் உண்டு. எத்தனை மணி நேரம் விளையாடினாலும் இது கூடப் போவதுமில்லை.

திரையில் ஓர் உருவம் தோன்றியதும் விரலை அழுத்துவது வேறு வகை. கண் பார்க்க வேண்டும், மூளை "இது இலக்குதான்" என்று முடிவு செய்ய வேண்டும், பிறகு விரலுக்கு உத்தரவு போக வேண்டும். தூண்டல், துலங்கல் என்று உங்கள் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கிறார்களே, அந்தத் துலங்கல்தான் இது. பெரும்பாலோருக்கு இதற்கு ஏறக்குறையக் கால் விநாடி பிடிக்கிறது. காதால் கேட்டுத் துலங்குவது இதைவிடச் சற்று விரைவு. ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் ஒருவர் புறப்பட்டுவிட்டால், அதைத் தவறான புறப்பாடு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சத்தம் கேட்டு ஓடவில்லை, முன்கூட்டியே ஓடிவிட்டார் என்று பொருள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பள்ளிப் பையிலிருந்து 30 செ.மீ. அடிக்கோலை எடுங்கள். ஒருவர் அதன் மேல் முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் திறந்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கோலை விட வேண்டும். பிடித்த இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 15 செ.மீ. என்றால் சுமார் 0.175 விநாடி. 20 செ.மீ. என்றால் சுமார் 0.2 விநாடி. 30 செ.மீ. என்றால் ஏறத்தாழக் கால் விநாடி. ஒரு முறை பிடித்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து முறை பிடித்துச் சராசரி பாருங்கள்.

நாள்தோறும் விளையாடும் பிள்ளையையும் விளையாடாத பிள்ளையையும் சேர்த்தே சோதியுங்கள். சொந்த வீட்டு அடிக்கோல் சொல்லும் பதிலுக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாத்துச் சுட்ட காலம்

குறி பார்க்கும் விளையாட்டு இன்று வந்ததல்ல. கைப்பேசிக்கும் கணினிக்கும் வெகு காலத்துக்கு முன்பே, 1936இல், அமெரிக்காவில் சீபர்க் என்ற நிறுவனம் ஒளியால் வாத்துச் சுடும் பெட்டி ஒன்றைச் செய்தது. துப்பாக்கியிலிருந்து குண்டுக்குப் பதில் ஒளிக்கற்றை பாயும். வாத்தின் மேல் உள்ள கருவி அதை உணர்ந்துகொள்ளும்.

பிறகு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984இல் 'டக் ஹண்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. என் வயதை ஒத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் துப்பாக்கியால் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். தவறினால் ஒரு நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும். அந்த நாயின் மேல் கோபம் வராத பிள்ளை உண்டா?

அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது தெரியுமா? பலரும் அதிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுத் திரையில் படுகிறது என்றே நினைத்தோம். உண்மையில் அது எதையும் வெளியே அனுப்பவில்லை, உள்ளே வாங்கியது. விசையை இழுத்ததும் திரை ஒரு கண நேரம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் வாயில் உள்ள ஒளி உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால், குறி சரி என்று கணக்கு. விளக்கை நோக்கித் துப்பாக்கியை நீட்டி ஏமாற்ற முடியாது. ஏனென்றால் விளக்கு நடுவில் இருட்டாவதில்லை. இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடந்துவிடும். பழைய குழாய்த் தொலைக்காட்சியின் காலக்கணக்கை நம்பிச் செய்யப்பட்டதால், இன்றைய தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

1995இல் வந்த 'டைம் கிரைசிஸ்' பேரங்காடி விளையாட்டு மையங்களில் இடம் பிடித்தது. காலால் ஒரு மிதியை அழுத்தினால் மறைவிலிருந்து எழலாம்; விட்டால் மீண்டும் ஒளியலாம். அதில் கை நீண்டது, தோள் அசைந்தது, கால் வேலை செய்தது. இன்று கைப்பேசியில் விளையாடும் பிள்ளைக்கு அசைவது இரண்டு கட்டைவிரல்கள் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2018 வாக்கில் கணினிக்கென்றே இன்னொரு வகையும் வந்தது. 'ஏம் லேப்', 'கோவாக்ஸ்' என்ற பெயர்களில் கிடைக்கும் இவற்றில் கதை இல்லை, எதிரி இல்லை, இரத்தம் இல்லை. வெறும் உருண்டைகள் தோன்றும். ஒன்று தோன்றி மறைவதற்குள் சுட வேண்டும். நகரும் ஒன்றை விடாமல் பின்தொடர வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். முடிவில் எத்தனை சரி, எத்தனை தவறு, எவ்வளவு நேரம் என்று கணக்குக் காட்டும். உடற்பயிற்சிக்குத் தண்டால் எப்படியோ, குறிக்கு இது அப்படி.

ஆராய்ச்சி சொல்வது

பயன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். உண்டு. ஆனால் அளவோடு உண்டு.

2003இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விளையாடிப் பழக்கமில்லாதவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சுடும் விளையாட்டையும் மற்றக் குழுவுக்குக் கட்டம் அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டையும் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம், பத்து நாள். சுடும் விளையாட்டு ஆடியவர்கள், திரையின் ஓரங்களில் தோன்றுவதைக் கவனிப்பதிலும் ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கண்ணில் வைத்திருப்பதிலும் அதிக முன்னேற்றம் காட்டினார்கள்.

2007இல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பெண்களையும் ஆண்களையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பத்து மணி நேரம் இத்தகைய விளையாட்டை ஆடிய பிறகு, இடவுணர்வுச் சோதனையில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. பொறியியலுக்கும் கணிதத்துக்கும் உதவக்கூடிய திறன் அது. "இது ஆம்பளப் பசங்க வெளையாட்டு" என்று சொல்லி மகளைச் சமையற்கட்டுக்கு அனுப்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசி அரை மணி நேரம் என்றால் இருவருக்கும் அரை மணி நேரம். பாத்திரம் கழுவுவது என்றால் அதுவும் இருவருக்கும்.

அதே 2007இல், சிறு துளை வழியாகக் கருவி செலுத்தித் திரையைப் பார்த்து அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் 33 பேரை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ விளையாட்டு ஆடியவர்கள், பயிற்சிச் சோதனையில் 37 விழுக்காடு குறைவான பிழைகளோடும் 27 விழுக்காடு கூடுதல் வேகத்தோடும் செய்தார்களாம்.

"பார்த்தீர்களா, விளையாடினால் டாக்டர் ஆகலாம்!" என்று பிள்ளை குதிப்பான். நிதானம் தேவை. விளையாடியதால் கை திருந்தியதா, கை திருத்தமாக இருந்தவர்கள் விளையாட்டை விரும்பினார்களா? இந்த ஆய்வை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு பெரிய பயனைக் காட்டவும் இல்லை. மேலும், அந்த 33 பேரும் மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. விளையாட்டு அவர்களுக்கு ஊறுகாய், சோறு படிப்புதான்.

உண்மைத் துப்பாக்கி கேட்பது வேறு

இப்போது அந்தப் பையன் சொன்ன காரணத்துக்கு வருவோம். திரையில் சுட்டுப் பழகினால் உண்மையில் குறி பார்க்க வருமா?

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி உண்டு. இலக்கின் நடுப்புள்ளி எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி. அதைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுட வேண்டும். துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு குண்டுக்கு 75 விநாடி. அந்த 75 விநாடியில் வீரர் என்ன செய்கிறார்? நிற்கும் நிலையைச் சரிபார்க்கிறார், மூச்சை அடக்குகிறார், இதயத் துடிப்பு குறியை ஆட்டுவதைக்கூட உணர்கிறார், விசையைப் பூப்போல அழுத்துகிறார், சுட்ட பிறகும் அசையாமல் நிற்கிறார். சரியில்லை என்று பட்டால் சுடாமலேயே துப்பாக்கியை இறக்கிவிடுகிறார். உங்கள் பிள்ளை அதே 75 விநாடியில் கைப்பேசியில் எத்தனை குண்டு விடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சூர்யானி முகமட் தாயிபி இந்தப் போட்டியில் கலந்துகொண்டார். அப்போது அவர் எட்டு மாதக் கர்ப்பிணி! வயிற்றில் குழந்தை அசைந்தால் உடல் அசையும். உடல் அசைந்தால் குறி அசையும். அந்த நிலையிலும் நின்று சுட்டு 34ஆம் இடத்தில் வந்தார். பதக்கம் இல்லை; ஆனால் மன அடக்கத்துக்கு இதைவிடப் பெரிய பாடம் எது? சிங்கப்பூரின் ஜாஸ்மின் சேர் 2014 காமன்வெல்த் போட்டியிலும், மார்த்தினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியிலும் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பெயர்களையும் வீட்டில் சொல்லுங்கள்.

வேகம் தேவைப்படும் போட்டியும் உண்டு. 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடியிலும், பிறகு 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் சுட வேண்டும். அங்கேகூட முதலில் 8, அப்புறம்தான் 4 என்பதைக் கவனியுங்கள்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை, தேர்ந்த விளையாட்டாளர்களின் கண்ணை ஆராய்ந்தார். அவர்கள் கையை அசைப்பதற்கு முன், இலக்கின் ஒரே இடத்தில் பார்வையை மற்றவர்களைவிட நீண்ட நேரம் நிறுத்துகிறார்கள் என்று கண்டார். துரோணர் வைத்த சோதனை நினைவுக்கு வருகிறதல்லவா? மற்றவர்களுக்கு மரம் தெரிந்தது, இலை தெரிந்தது, பக்கத்தில் நின்ற அண்ணன் தம்பிகளும் தெரிந்தார்கள். அர்ச்சுனனுக்கு அந்தப் பறவை மட்டுமே தெரிந்தது. நம் பாட்டிமார் சொன்ன கதையும் இன்றைய ஆய்வும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஆகவே, கட்டைவிரலால் பழகியது கட்டைவிரலுக்கே பெரிதும் உதவும். துப்பாக்கியின் பாரமும் மூச்சும் நிற்கும் நிலையும் திரையில் வருவதில்லை. உண்மையான வீரர்களும் திரையைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எப்படி? தங்கள் சொந்தத் துப்பாக்கியில் குண்டு போடாமல், அதன்மேல் ஓர் உணர்கருவியைப் பொருத்திக் குறி எப்படி அலைகிறது என்று கணினித் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். பாரம் அதே, நிலை அதே, மூச்சும் அதே.

போலீசில் சேர விரும்பும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எஸ்.பி.எம். சான்றிதழும் ஓடக்கூடிய உடம்பும். துப்பாக்கி பிடிக்கச் சேர்ந்த பிறகு அவர்களே சொல்லித் தருவார்கள். இன்னொன்றையும் மறவாதீர்கள். நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கிகூட 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் அடங்கும். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. "விளையாட்டுக்குத்தானே வாங்கினேன்" என்று பிறகு சொல்வதில் பயனில்லை.

சுட்டது யார்?

கைப்பேசி விளையாட்டில் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பல விளையாட்டுகளில் 'குறி உதவி' என்ற வசதி உள்ளே இருக்கிறது. பிள்ளை இலக்குக்கு அருகில் கொண்டுபோனால் போதும். மீதித் தூரத்தை விளையாட்டே இழுத்துச் சேர்த்துவிடும். "பார்த்தீங்களாப்பா, தலையிலேயே சுட்டேன்!" என்று பையன் பெருமைப்படும்போது, சுட்டது பாதி அவன், பாதி இயந்திரம். பயிற்சி என்று சொல்பவன் முதலில் அமைப்புப் பகுதிக்குப் போய் அந்த உதவியை நிறுத்திவிட்டு ஆடட்டும். புள்ளிகள் குறையும், முகம் வாடும். ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புள்ளியும் அவனுடையது.

மற்றொன்று பணம். புதுச் சட்டை, தங்க நிறத் துப்பாக்கி என்று திரையில் ஆசை காட்டுவார்கள். இவற்றில் பலவும் குறியை ஒரு மயிரிழைகூடக் கூட்டுவதில்லை, வெறும் அலங்காரம். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று போவது மாதக் கடைசியில்தான் தெரியவரும். கைப்பேசியில் பணம் கட்டும் வழிக்கு இரகசிய எண் போட்டு, அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதியையும் சிறு பிள்ளைகளுக்கு அடைத்துவிடுங்கள்.

பயிற்சி என்றால் பயிற்சியாகச் செய்யட்டும்

1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். இரண்டு தகடுகளை மாறி மாறிக் குச்சியால் தொடச் சொன்னார். தகடு சிறுத்தாலும் தூரம் கூடினாலும் கை மெதுவாகிறது என்று கண்டு, அதைக் கணக்காகவே எழுதிவிட்டார். வேகமும் திருத்தமும் ஒன்றுக்கொன்று விலை கொடுக்கின்றன.

நீங்களும் செய்து பாருங்கள். தாளில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு பெரிய வட்டங்கள் வரைந்து, 15 விநாடிக்குள் பென்சிலால் எத்தனை முறை மாறி மாறிப் புள்ளி வைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். பிறகு வட்டத்தை ஒரு காசு அளவுக்குச் சிறிதாக்குங்கள். எண்ணிக்கை குறையும், அல்லது புள்ளி வெளியே போகும். இதிலிருந்து என்ன தெரிகிறது? முதலில் திருத்தம், பிறகு வேகம்.

பிள்ளைக்கு நான் சொல்லும் முறை இதுதான். கதையும் சண்டையும் இல்லாத இலக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு முறைக்கு இருபது நிமிடம் போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் தேதி போட்டு, எத்தனை குண்டு விட்டான், எத்தனை பட்டது என்று எழுதட்டும். 50 விட்டு 30 பட்டால் 60 விழுக்காடு; கணக்குப் பாடமும் ஆயிற்று. 80 விழுக்காடு வரும்வரை மெதுவாகவே சுடட்டும். வந்த பிறகு வேகத்தைக் கூட்டட்டும். களைப்பு வந்தால் புள்ளி இறங்கும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். எழுதிவைக்க மறுத்து, "சும்மா விளையாடுறேன்" என்று சொன்னால், அதுவும் தவறில்லை. சும்மா விளையாடுவதற்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம்.

கண்ணைக் காக்க இரண்டு காரியம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரையை விட்டு விலகித் தூரத்துச் செம்பனை ஓலையைப் பார்க்கட்டும். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியில், வெளிச்சத்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்க 2001 முதல் தேசியத் திட்டம் நடத்திவரும் சிங்கப்பூரும் இதையே வலியுறுத்துகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திடலும் வெளிச்சமும் இலவசம். அதைப் பூட்டிய அறைக்குள் இழக்கலாமா?

திடலில் என்ன செய்வது என்கிறீர்களா? கோலிக்குண்டு குறி பார்க்கும் விளையாட்டுதானே! தூரத்தைக் கண்ணால் அளந்து, விரலால் விசை கொடுத்து, அடிக்க வேண்டிய குண்டை மட்டும் அடிக்க வேண்டும். பூப்பந்து துலங்கலுக்கு. சுவரில் பந்தை எறிந்து ஒரு கையால் பிடிப்பது கண்ணுக்கும் கைக்கும். கேரம் பலகை கோணத்துக்கு. இவற்றில் 'குறி உதவி' கிடையாது.

குறி பார்க்கும் குடும்பங்கள்

ஒன்றை நாம் பிள்ளைகளிடம் சொல்வதேயில்லை. கண்ணும் கையும் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலையில் தேர்ந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நிற்க வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் கணக்கு!

செம்பனையில் நீண்ட கம்பின் முனையில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி, ஓலைக்கும் குலைக்கும் நடுவே காம்பைத் தேடி இழுக்க வேண்டும். மேலே பார்த்தபடி கீழே காலை வைக்க வேண்டும். குலை எங்கே விழும் என்பதை விழுமுன்பே கணித்து விலக வேண்டும். இதில் தவறினால் 'மீண்டும் தொடங்கு' என்ற பொத்தான் இல்லை.

அந்தத் தந்தைக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஐயா, உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை. இந்த விளையாட்டு கவனத்தையும் கண்கூர்மையையும் ஓரளவு வளர்க்கும். துப்பாக்கி வீரனாகவோ போலீஸ்காரராகவோ அது ஆக்காது. அதட்டுவதற்கு முன் ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டுடா" என்று கேளுங்கள். மறுநாள் உங்கள் அரிவாள் எப்படிக் காம்பைத் தேடுகிறது என்பதை வீட்டு வாசலில் வெறும் கம்பைக் கொண்டு அவனுக்குக் காட்டுங்கள். அவனுக்கு உங்கள் தொழில் வேண்டாம் என்றே நீங்கள் நினைக்கலாம். தவறில்லை. ஆனால் தன் கண்ணும் கையும் எங்கிருந்து வந்தன என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்விளையாட்டு இன்று மதிப்புப் பெற்று வருவதும் உண்மை. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2023 ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டுத் தொடரில், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்குள் ஒரு சுடுதிடல் அமைத்து, ஆட்களுக்குப் பதில் இலக்குகளைச் சுடவைத்தார்கள். அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 'பப்ஜி' விளையாட்டை மாற்றி, ஒருவரை ஒருவர் சுடாமல் இலக்குப் பலகைகளைச் சுடும்படி செய்தார்கள். உலக மேடைக்கு வரும்போது மனித உருவத்தை எடுத்துவிட்டுப் பலகையை வைத்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அந்த மேடைக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த நம்பிக்கையில் யாரும் பள்ளிப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

எச்சரிக்கையாகவும் ஒன்று. விளையாட்டை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல், இவை ஓராண்டளவு நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால், உலகச் சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2019இல் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளை சாப்பாட்டை மறந்தால், தூக்கத்தைத் தொலைத்தால், பழைய நண்பர்களை விட்டு விலகினால், அடிக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு அடிக்கோலை எடுங்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும், ஆளுக்குப் பத்து முறை பிடித்துப் பாருங்கள். எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். யார் முன்னேறினார்கள் என்பதை அந்தத் தாள் சொல்லும்.